வெறுங்கையோடு இருபது நிமிடம்

வண்டியில் எல்லோரும் ஏறிய பிறகுதான் நான் ஏறுவேன். மரியாதை என்று நினைத்துக்கொள்வார்கள். அப்படி ஒன்றும் இல்லை. நான் முதலில் சீட்டில் பக்கவாட்டில் உட்கார வேண்டும். பிறகு தொடையைக் கையால் பிடித்து ஒவ்வொரு காலாக உள்ளே தூக்கி வைக்க வேண்டும். அதை யாரும் பார்க்கக் கூடாது.

இடுப்பு வலி. ஒன்பது வருடம். மஸ்கட்டில் டிரெய்லர் ஓட்டும்போது வந்தது. ஊர் திரும்பியும் என்னை விடவில்லை. திரும்பி வந்து கிடைத்த வேலை, வலிக்காரர்களைத் தேடிப் போகும் டாக்டர்களுக்கு வண்டி ஓட்டுவது. வண்டி முதலாளிக்கு என் இடுப்பு தெரிந்தால் சாவி அன்றைக்கே வேறு கைக்குப் போய்விடும். சாவி போனால் எனக்கு மிச்சம் தருமபுரி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு அறை. மனைவி ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறாள். பேரனைப் பார்த்துக்கொள்ளப் போனவள், மூன்று வருடம் ஆகிறது. வாரம் ஒரு முறை போன் வரும்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்."

அவ்வளவுதான். அதனால் இடுப்பைப் பற்றி நான் யாரிடமும் பேசவில்லை.

வண்டியில் நான்கு பேர் வருவார்கள். வலிக்கென்றே தனியாகப் படித்த டாக்டரம்மா. உடற்பயிற்சி சொல்லித்தரும் பிசியோ பிரபு சார். மனசைப் பற்றிக் கேட்கும் ஷீலா மேடம். நர்ஸ் மேரி சிஸ்டர். மாதம் ஒரு வாரம் ஊர் ஊராகப் போவோம். மற்ற இடங்களில் எலும்புக்கு ஒரு அறை, நரம்புக்கு ஒரு அறை. நான் எல்லா அறையிலும் உட்கார்ந்து பார்த்தவன். இவர்கள் நான்கு பேரும் ஒரே அறையில் வட்டமாக உட்காருவார்கள். வந்தவருக்கும் அந்த வட்டத்திலேயே ஒரு நாற்காலி. அவர் ஒரு தடவை சொன்னால் போதும், நான்கு பேரும் கேட்பார்கள். அவர் போன பிறகு அவரைப் பற்றிப் பேச மாட்டார்கள். பேசுவதை அவர் முன்னாலேயே பேசுவார்கள், சண்டை வந்தாலும் அங்கேயேதான். அது அவர்கள் வைத்துக்கொண்ட சட்டம்.

நான் ஜன்னல் பக்கம் வண்டியை நிறுத்துவேன். நிழலுக்கு என்று சொல்வேன். உள்ளே சொல்வது வெளியே கேட்கும். பிரபு சார் சொல்லும் பயிற்சிகளை அப்படித்தான் கற்றுக்கொண்டேன்.

முதல் நாள் காரிமங்கலம். அன்றைக்குச் சந்தை என்பது யாருக்கும் ஞாபகம் இல்லை. ஊருக்குள் நுழையவே முக்கால் மணி நேரம் ஆனது. ஒருவர் ஆட்டைப் பிடித்தபடி வண்டிக்கு நேர் முன்னால் நின்று விலை பேசிக்கொண்டிருந்தார். ஹாரன் அடித்தேன். ஆடு திரும்பிப் பார்த்தது. அவர் பார்க்கவில்லை. மஸ்கட்டில் ஒட்டகம் ரோட்டில் நின்றால் எவ்வளவு பெரிய வண்டியும் நிற்கும். இங்கே ஆட்டுக்கு நின்றோம்.

டீக்கடையில் என் பக்கத்தில் ஒரு புருசன் பெண்சாதி கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். லாரியில் கிளீனராகச் சுற்றியபோது பழகிய கன்னடம் எனக்கு உண்டு. புருசன் சொன்னது இது.

"கழுத்து டாக்டரைப் பார்த்துக் கழுத்தைச் சொல்லு. தூக்கம் வரலைன்னு அவர்கிட்ட எதுக்குச் சொல்றே? அது அவர் வேலை இல்லை. கோவிச்சுக்குவார்."

"நாலு பேரும் ஒண்ணா உக்காந்திருக்காங்களாம். எதை யாரைப் பார்த்துச் சொல்றது?"

அவர் கொஞ்சம் யோசித்தார்.

"கழுத்தைத் திருப்பித் திருப்பி ஒவ்வொருத்தரையா பார்த்துச் சொல்லு."

"கழுத்து திரும்பினா நான் ஏன் இங்க வரேன்?"

நானும் அப்படிச் சொன்னவன்தான். எலும்பு டாக்டரிடம் இடுப்பை மட்டும் சொன்னேன். மாத்திரையில் வயிறு எரிகிறதை வயிற்று டாக்டரிடம் சொன்னேன். தூங்காததை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. அதற்கு அறை இல்லை. ஒருத்தர் கடையில் நின்றுகொண்டு இன்னொருத்தர் சரக்கைப் பற்றிப் பேசக் கூடாது என்று நினைத்தேன்.

உள்ளே மேரி சிஸ்டர் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. வலி பத்துக்கு எத்தனை? தக்காளி மண்டியில் மூட்டை இறக்கும் ஒருவர், "காலைல நாலுங்க. மச்சான் வந்தா எட்டு" என்றார்.

"எதுக்கு?"

"அவன் வந்தா மூட்டைய அவன் தூக்க மாட்டான், நான்தான் தூக்கணும்."

ஷீலா மேடம் அதை எழுதிக்கொண்டார். பிரபு சாரும் எழுதிக்கொண்டார். இருவரும் ஒரே பேச்சை எழுதுவது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

மத்தியானம் மெஸ்ஸில் களியும் கொள்ளுக் குழம்பும். பிரபு சார் தஞ்சாவூர்ப் பக்கம். களியைப் பிட்டு வாயில் போட்டு மென்றார். பரிமாறின அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

"சார், மெல்லாதீங்க. அப்படியே முழுங்கணும். மென்னா பல்லுல ஒட்டிக்கும்."

"மெல்லாம முழுங்கினா எப்படி செரிக்கும்?"

"எங்களுக்குச் செரிக்குதுங்களே."

டாக்டரம்மா சிரித்தார். நான் தனியாக ஓரத்து மேசையில் சாப்பிட்டேன். கூப்பிடுவார்கள். நான் போக மாட்டேன். தாழ்ந்த பெஞ்சில் உட்கார்ந்தால் எழுந்திருக்கும்போது மேசையைப் பிடிக்க வேண்டும்.

இரண்டாம் நாள் கடத்தூர். போகும் வழியிலேயே பின் டயர் போனது. இரண்டு பக்கமும் மரவள்ளிக் காடு. நிழல் இல்லை. ஜாக்கியை எடுத்து வைத்தேன். டயரைக் கழற்றக் குனிய வேண்டும். நான் குனியவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து, முதுகை நேராக வைத்துக்கொண்டு கழற்றினேன். ஜன்னல் வழியாகக் கற்றுக்கொண்டது அது. பிரபு சார் வண்டியிலிருந்து இறங்கி வந்து நின்றார். நான் உட்கார்ந்திருந்த விதத்தையே பார்த்தார்.

"கோவிந்தண்ணா, யாரும் இப்படி டயர் மாத்த மாட்டாங்க."

"பழக்கங்க."

"இடுப்புல ஏதாவது..."

"ஒண்ணுமில்லீங்க சார். நீங்க வெயில்ல நிக்காதீங்க."

ஸ்டெப்னியை மாட்டித் திருகி முடித்தபோது சட்டை முழுக்க நனைந்திருந்தது. வெயில் என்று வைத்துக்கொள்ளலாம். பிரபு சார் பழைய டயரைத் தானே உருட்டிக்கொண்டு போய்ப் பின்னால் ஏற்றினார். நான் தடுக்கவில்லை. அன்றைக்கு ராத்திரி மாத்திரை ஒன்று கூடப் போட்டேன். மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்குகிற மாத்திரை.

மூன்றாம் நாள் வத்தல்மலை. வளைவுக்கு வளைவு இடுப்பு ஒரு பக்கம் சாயும், பிறகு மறு பக்கம். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டால் கொஞ்சம் தாங்கும். பின்னால் மேரி சிஸ்டர் மலையில் பார்க்க வேண்டியவர்களின் பெயர்களை வாசித்துக்கொண்டு வந்தார். அதில் ஒரு பெயர் எனக்கு ஞாபகம் இருந்தது. மாதம்மாள்.

போன மாதம் வட்டத்தில் உட்கார்ந்த அம்மா அவர். ஐம்பது வயது இருக்கும். சாமைக் காடு கொஞ்சம், காப்பிச் செடி கொஞ்சம், ஒரு மாடு. புருசன் இல்லை. இடுப்பு வலி ஆறு வருடம். காப்பிப் பழம் பறிக்க இரண்டு மணி நேரம் நிற்க முடிந்தால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று சொன்னார். நான்கு பேரும் பேசி ஒரு வழி சொன்னார்கள். தினம் காலையில் இருபது நிமிடம் நடக்க வேண்டும். சுமை தூக்கக் கூடாது. "கையில ஒண்ணும் வேணாம்மா. கை வீசி நடங்க" என்றார் பிரபு சார். அந்தம்மா சரி என்றார். நான் ஜன்னலில் கேட்டேன்.

மலை மேல் இரண்டு நாள் தங்க ஒரு பழைய குவாட்டர்ஸைத் திறந்துவிட்டிருந்தார்கள். நான்கு பேருக்கும் அறை. நான் வண்டியில் படுத்துக்கொள்கிறேன் என்றேன். வண்டியில் படுக்க முடியாது. விடிகிற வரை சுற்றி நடந்துகொண்டிருந்தேன். குளிர் எலும்பில் இறங்கியது. பேசத் துணை இல்லாத இடத்தில் வலி கொஞ்சம் சத்தமாகக் கேட்கும். பாலைவனத்திலும் அப்படித்தான் இருந்தது.

நான்காம் நாள் வெளிச்சம் வந்ததும் ரோட்டை ஒட்டி ஒரு தட்டைப் பாறை இருப்பதைப் பார்த்தேன். யாரும் இல்லை. இடுப்பு வலிக்காகச் சட்டைக்குள் கட்டியிருந்த பெல்ட்டை அவிழ்த்துப் பக்கத்தில் வைத்தேன். மல்லாந்து படுத்து ஒரு முட்டியை மடக்கி நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தேன். பத்து எண்ணினேன். அடுத்த முட்டி. மேலே வானம் மட்டும். கொஞ்சம் நன்றாக இருந்தது.

தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்த்தேன். மாதம்மாள். இடது இடுப்பில் பிளாஸ்டிக் குடம். நிறைகுடம். உடம்பு வலது பக்கம் ஒரேயடியாகச் சாய்ந்திருந்தது. என்னைத் தாண்டிப் போய், வளைவில் இருந்த புளியமரத்தின் அடியில் குடத்தைச் சாய்த்தார். தண்ணீர் முழுதையும் வேரில் ஊற்றினார். பக்கத்தில் இருந்த பசும்புல்லில் ஒரு பிடி பறித்துக் குடத்துக்குள் போட்டார். மறுபடி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினார். அப்போதுதான் என்னைப் பார்த்தார்.

"யாரு, டிரைவரண்ணாவா? பொணம் கெடக்குதுன்னு நெனச்சேன்."

எழுந்து உட்கார்ந்தேன். பெல்ட்டை மறைக்கப் போனேன். பார்த்துவிட்டார்.

"டாக்டருங்க வண்டி ஓட்றவருக்கே இடுப்பா?"

நான் குடத்தைப் பார்த்தேன்.

"சுமை தூக்கக் கூடாதுன்னு சொன்னாங்களே."

"சொன்னாங்க."

"வூட்ல தண்ணி இல்லியா?"

"வாசல்லயே கொழா இருக்குது."

"பின்ன எதுக்கு இங்க கொண்டாந்து ஊத்தறீங்க?"

அவர் குடத்தைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கையை ஊன்றி நின்றார்.

"நடக்கச் சொன்னாங்க இல்ல? மொத நாளு சும்மாதான் நடந்தேன். கை வீசிக்கினு. எதிர்ல வந்தவங்க எல்லாம் எங்க போற, எங்க போறன்னாங்க. சும்மாதான்னேன். சும்மா யாருனா நடப்பாங்களா? மூணாம் நாளு என் நாத்தனா வந்து, 'உனக்குப் புத்தி பெசகிப் போச்சுன்னு ஊர்ல பேசிக்கிறாங்க, நெசமா?'ங்கிறா."

"வெறுங்குடத்தையாவது எடுத்துக்கலாமில்ல?"

"மொத பஸ்ஸுக்கு ஜனம் இந்தப் பக்கம்தான் போவுது. காலங்காத்தால எதிர்ல வெறுங்குடத்தோட போனா என்னா சொல்லுவாங்க? நான் ஏற்கெனவே புருசன் இல்லாதவ."

"அருவா?"

"அருவாளோட போனா புல்லுக்கட்டோட வரணும். வெறுமனே வந்தா அதுக்கும் கேப்பாங்க. நெறகொடம்னா ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நல்ல சகுனம்னு ஒதுங்கி வழி விடறாங்க." புல்லைக் காட்டினார். "வரும்போது இது. காலியா வரக் கூடாதில்ல."

ஒரு மாதமாக இப்படித்தான். ஒரு நாள் விடாமல் நடந்திருக்கிறார். டாக்டர்கள் சொன்னதை மீறக் கூடாது என்று.

"வலி?"

"ராவெல்லாம் கால்ல கொள்ளிக்கட்டை வெச்ச மாதிரி இருக்குது."

"அவங்ககிட்டச் சொல்லுங்க."

"என்னத்தைன்னு சொல்றது? படிச்சவங்க சொன்னது ஒண்ணு, நான் செஞ்சது ஒண்ணுன்னா? மூஞ்சில முழிக்க முடியுமா?" குடத்தை எடுத்து இடுப்பில் வைத்தார். "நீயும் சொல்லாத, நானும் சொல்லல. நான் உன்னைப் பாக்கல, நீ என்னைப் பாக்கல."

"சரி" என்றேன்.

எனக்கு அது நல்ல பேரமாகத்தான் பட்டது.

கேம்ப் பள்ளிக்கூடக் கட்டடத்தில் நடந்தது. ஜன்னல் பக்கம் நிழல் இல்லை. ஆனாலும் வண்டியை அங்கேதான் நிறுத்தினேன். பத்து மணிக்கு மாதம்மாள் உள்ளே போனார். மேரி சிஸ்டர் வலியைக் கேட்டார்.

"போன மாசம் ஆறு சொன்னீங்கம்மா. இப்ப?"

"ஒம்போதுன்னு வெச்சிக்கோ சிஸ்டர்."

நடந்தீர்களா என்று பிரபு சார் கேட்டார். தினமும் நடந்தேன் என்றார் அவர். பொய் இல்லை. பிரபு சார் அவரைப் படுக்கவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தார்.

"இடது பக்கம் மட்டும் இறுகிக் கிடக்கு. வெறும் நடையில இப்படி ஆகாது. எனக்குப் புரியலை."

"நரம்பு அழுத்தம் கூடியிருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "நடையை நிறுத்திடுவோம். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, மூணு நாள் தங்கவெச்சு முதுகுல ஊசி போட்டுப் பார்த்துடலாம்."

"தூக்கமே இல்லை இவங்களுக்கு. பயமும் இருக்கு. ஊசின்னு சொன்னதும் முந்தானையை இழுத்துச் சுத்திக்கிறாங்க பாருங்க" என்றார் ஷீலா மேடம்.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிட்டிருக்காங்க. அட்டையை எண்ணிட்டேன்" என்றார் மேரி சிஸ்டர்.

நான்கு பேரும் சொன்னது உண்மை. நான்கையும் சேர்த்துப் பார்த்தாலும் அதில் குடம் இல்லை.

"மூணு நாளு தங்கணுமா?" என்று மாதம்மாள் கேட்டார். "மாட்டை யாரு பாப்பாங்க?"

பிறகு அவரே, "நீங்க சொன்னா சரிங்க" என்றார். சொன்னதைச் செய்கிறவர் அவர். முதுகில் ஊசி போட்டுக்கொண்டு வந்து மறுநாளே மறுபடி குடத்தை எடுப்பார். எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

வண்டிக் கதவைத் திறந்தேன். காலைக் கையால் பிடித்து வெளியே வைத்தேன். யாராவது பார்க்கிறார்களா என்று அன்றைக்குப் பார்க்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் மூன்று படி. ஏறினேன்.

"அந்தம்மா குடத்தோட நடக்குதுங்க" என்றேன்.

எல்லோரும் திரும்பினார்கள். நான் அந்த அறைக்குள் போனது அதுதான் முதல் தடவை.

"நெறகொடம். இடது இடுப்புல. சும்மா நடந்தா ஊர்ல பைத்தியம்னு சொல்றாங்களாம். வெறுங்குடம்னா சகுனம் ஆவாதாம்."

இவ்வளவு பேச்சு நான் ஒரு வாரத்தில் பேச மாட்டேன்.

மாதம்மாள் என்னைப் பார்த்தார். "ஆம்பள வாக்கு இவ்ளோதான்" என்றார்.

பிரபு சார் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். "கை வீசி நடங்கன்னு சொன்னது நான்தான்" என்றார் தனக்குள்.

"மனசுல என்ன கவலைன்னு ஒரு மணி நேரம் கேட்டேன்" என்றார் ஷீலா மேடம். "ரோட்டுல யாரு பாக்கறாங்கன்னு கேக்கலை."

டாக்டரம்மா ஊசிச் சீட்டை எழுதிக்கொண்டிருந்தார். பேனாவை மூடினார். பிறகு என்னிடம் கேட்டார்.

"நீங்க எங்கேருந்து பார்த்தீங்கண்ணா?"

"பாறை மேலேருந்துங்க."

"விடியக்காலையில பாறை மேல என்ன பண்ணீங்க?"

எனக்கு முந்தி மாதம்மாள் பேசினார்.

"மல்லாக்கப் படுத்து முட்டிய மடக்கிக்கினு கெடந்தாரு. பக்கத்துல இடுப்புக்குக் கட்ற பெல்ட்டு. நீங்க எனக்குச் சொல்லிக்குடுத்தீங்க பாரு சார், அதேதான். என்னைவிட நல்லா செய்யறாரு."

மேரி சிஸ்டர் சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். மற்றவர்கள் சிரிக்கவில்லை. பிரபு சார் என்னைப் பார்த்த பார்வையில் டயர் மாற்றிய நாள் இருந்தது.

முதலில் மாதம்மாள் விஷயத்தை முடித்தார்கள். அரை மணி நேரம் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தார். தூக்கு வாளி என்றார் பிரபு சார். பால் இல்லாத தூக்கு வாளியும் காலிதானே என்றார் சிஸ்டர். கூட யாரையாவது சேர்த்துக்கொண்டு நடக்கலாமே என்றார் ஷீலா மேடம். காட்டு வேலை நேரத்தில் யாரு வருவா என்றார் மாதம்மாள். கடைசியில் வழி சொன்னதும் அவர்தான்.

"அந்த ஃபைலு ஒண்ணு குடுங்க."

"எது?"

"சிஸ்டரு கையில இருக்குதே, அது. கையில ஃபைலு இருந்தா ஒருத்தரும் எங்க போறன்னு கேக்க மாட்டாங்க. ஆஸ்பத்திரி வேலைன்னு அவங்களே நெனச்சிக்குவாங்க."

சிஸ்டர் ஒரு நீல நிற ஃபைலை எடுத்து நான்கு வெள்ளைத் தாள் வைத்துக் கொடுத்தார். டாக்டரம்மா ஊசிச் சீட்டைக் கிழிக்கவில்லை. ஒரு மாதம் பார்ப்போம் என்று மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். மாதம்மாள் ஃபைலை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு எழுந்தார். என்னைத் தாண்டும்போது மெதுவாகச் சொன்னார்.

"கோவம் இல்லண்ணா. நீயும் உக்காரு."

டாக்டரம்மா அவர் விட்டுப்போன நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். உட்கார்ந்தேன். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, அவர்கள் பார்க்கும்படி உட்கார்ந்தேன்.

"பத்துக்கு எத்தனைண்ணா?" என்றார் சிஸ்டர்.

"ஏழு."

"எத்தனை நாளா?"

"ஒம்போது வருசம்."

"யார் யாருக்குத் தெரியும்?" என்றார் ஷீலா மேடம்.

"அந்தம்மாவுக்குத் தெரியும்."

"எப்பலேருந்து?"

"இன்னிக்குக் காலைலேருந்து."

நான்கு பேரும் அதையே எழுதிக்கொண்டார்கள்.

மலையிலிருந்து இறக்க வேறு ஆள் இல்லை. நான்தான் ஓட்டினேன். பிரபு சார் துண்டைச் சுருட்டி என் முதுகுக்குப் பின்னால் வைத்தார். ஐந்து வளைவுக்கு ஒரு தரம் நிறுத்தி இறங்கி நடக்கச் சொன்னார். நான் நடந்தேன். அவர்களும் இறங்கி ரோட்டோரம் நின்றார்கள். எதிரே வந்த ஜீப்காரர், "வண்டி ரிப்பேருங்களா?" என்று கேட்டார்.

"டிரைவர் ரிப்பேரு" என்றேன். அந்தப் பயணத்தில் நான் சொன்ன ஒரே தமாஷ் அது.

தருமபுரிக்கு வந்ததும் சாவியைக் கொடுத்துவிட்டேன். டாக்டரம்மா முதலாளியிடம் பேசினார். மூன்று மாதம் கழித்து உடம்பு எப்படி இருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன் என்றாராம் முதலாளி. பார்ப்பார், பார்க்காமலும் போவார். அதில் அவர் மேல் தப்பு இல்லை. மலைப் பாதையில் நான்கு உயிர் பின்னால் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது நான் செவ்வாய்க்கிழமைகளில் அவர்களிடம் நோயாளியாகப் போகிறேன். இடுப்பு, வயிற்றெரிச்சல், தூக்கம், எல்லாவற்றையும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து சொல்கிறேன். ஏழு சில நாள் ஐந்தாகிறது. சில நாள் ஏழாகவே இருக்கிறது. வலி ஒரேயடியாகப் போகுமா என்று கேட்டேன். முழுசாகப் போகும் என்று சொல்ல மாட்டோம் என்றார் டாக்டரம்மா. இதுவரை எந்த அறையிலும் யாரும் எனக்கு இவ்வளவு நேராகப் பதில் சொன்னதில்லை.

அடுத்த மாதம் அவர்கள் வேறு டிரைவரோடு மலைக்குப் போய் வந்தார்கள். மாதம்மாளுக்கு வலி ஐந்தாம். ஃபைலோடு நடப்பதால் ஊரில் பாதிப் பேர் அவரை நிறுத்தி மாத்திரை விவரம் கேட்கிறார்களாம். அவரும் சொல்கிறாராம். என்ன சொல்கிறார் என்று நினைத்து மேரி சிஸ்டருக்குப் பயம். மாதம்மாள் என்னைப் பற்றியும் கேட்டாராம். "வாய் தொறந்த டிரைவரு எப்படி இருக்காரு?"

எனக்கும் காலையில் இருபது நிமிட நடை. முதல் நாள் கை வீசி நடந்தேன். டீக்கடைக்காரர், "என்னங்க, வண்டி எங்க? எங்க போறீங்க?" என்றார். பால் வாங்க என்றேன். பால் வாங்கிக்கொண்டு அறைக்கு வந்தேன். எனக்குப் பால் பிடிக்காது.

அன்றைக்கு மனைவி போன் செய்தாள்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன். நடக்கப் போயிருந்தேன்."

"எங்க?"

"சும்மா."

"உடம்புக்கு என்ன?" என்றாள் அவள். சொன்னேன். ஒன்பது வருடத்தைச் சொல்ல நான்கு நிமிடம்தான் ஆனது. அவள் அழவில்லை, திட்டவில்லை. பேரன் பின்னால் எதையோ கீழே தள்ளினான். "இரு, வரேன்" என்று போனை வைத்தாள். மறுபடி போன் வரவில்லை. அடுத்த வாரம் வரும்.

சாவியைக் கொடுத்தபோது வளையத்தைக் கொடுக்கவில்லை. அது என்னுடையது, மஸ்கட்டில் வாங்கினது. இப்போது காலையில் அந்த வெறும் வளையத்தை விரலில் மாட்டிக்கொண்டு நடக்கிறேன். சாவி இல்லை என்பது தூரத்திலிருந்து தெரியாது. வண்டி எடுக்கப் போகிறேன் என்று அவர்களே நினைத்துக்கொள்கிறார்கள். யாரும் கேட்பதில்லை.